வன்னி வீடுகளில் ஸ்பிளிட் ஏசிக்குச் செப்புக் குழாய் பொருத்தும் முறை

கடையில் வாங்கும் ஸ்பிளிட் ஏசியின் உள் அலகும் வெளி அலகும் தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு வருகின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய்த்தொடர் மட்டுமே வீட்டில் வைத்துச் செய்யப்படுவது. ஆகவே காஸ் ஒழுக்கு முதல் கொம்பிரசர் எரிவது வரை பின்னாளில் எழும் கோளாறுகள் பலவற்றின் வேர் இந்த வேலையிலேயே இருக்கிறது. இலங்கையின் வன்னியில் துணுக்காய்க்கோ ஒட்டுசுட்டானுக்கோ வேலையாளை இரண்டாம் முறை அழைப்பது எவ்வளவு சிரமம் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். தொழிலைப் பழகிவரும் இளைஞர்களுக்கும், வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிய விரும்பும் வீட்டுக்காரருக்கும் இக்குறிப்பு பயன்படலாம். மின் இணைப்பு வேலையை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தகுதிபெற்ற மின் தொழிலாளியிடமே விட வேண்டும்.

முதலில் வெளி அலகின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் குழாயின் நீளமும் வளைவுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. மேற்கு வெயில் நேரே படும் சுவரையும், சூடான காற்று வெளியேற முடியாத தாழ்ந்த தாழ்வாரத்தையும் தவிர்ப்பது நல்லது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நினைவில் வைத்து, தாழ்ந்த காணிகளில் அலகைத் தரையில் வைக்காமல் சுவர்த் தாங்கியில் உயர்த்திப் பொருத்த வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்று நேரே அடிக்காத பக்கத்தைத் தேர்வு செய்தல் அவசியம். குழாய் குறுகியதாக இருப்பது நல்லதுதான். ஆயினும் பல உற்பத்தியாளர்கள் குறைந்தது 3 மீற்றர் கேட்கிறார்கள். அதிகபட்ச நீளமும் உயர வேறுபாடும் மாதிரிக்கு மாதிரி மாறுவதால் பெட்டியுடன் வரும் கைநூலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொதுவாக 9,000, 12,000 பி.ரி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) அலகுகளுக்கு 1/4 அங்குல திரவக் குழாயும் 3/8 அங்குல வாயுக் குழாயும், 18,000 பி.ரி.யூ. அலகுக்கு 1/4, 1/2 அங்குலக் குழாய்களும் பயன்படுகின்றன. விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இக்காலக் குளிரூட்டி காஸ்களான ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை பழைய ஆர்-22 ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அமுக்கத்தில் இயங்குபவை என்பதால், குழாயின் சுவர்த் தடிப்பு 0.8 மில்லிமீற்றரேனும் இருக்க வேண்டும். சந்தையில் இதைவிட மெல்லிய குழாயும் மலிவாகக் கிடைக்கிறது. கையில் எடுத்தவுடன் வித்தியாசம் தெரியாது, விளிம்பு விரிக்கும்போது வெடிப்பதில்தான் தெரியும். வாங்கும்போது இரு முனைகளும் மூடியிட்டு இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். வேலைத்தளத்திலும் குழாய் சுவரினூடாகச் செல்லும் வரை அம்மூடிகளைக் கழற்றக் கூடாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசும், மாரியில் ஈரமும் திறந்த குழாய்க்குள் வெகு விரைவாகப் புகுந்துவிடும்.

மீள்குடியேற்றத்தின் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளிற் பெரும்பாலானவை சீமெந்துக்கல் சுவர்கள் கொண்டவை. அவற்றில் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் துளையை, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு இட வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு உடைத்தால் கல்லின் மறுபக்கம் பெயர்ந்து பூச்சுக் கெடும்; கோர் கட்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுப்பதே நல்லது. துளைக்குள் பீவீசீ உறையொன்றைச் செருகிவிட்டால் குழாய் சீமெந்தில் உராயாது. வளைவுகளைக் கையால் மடிக்காமல் வளைக்கும் கருவியால் பெரிய ஆரையில் வளைக்க வேண்டும். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் செம்பு கடினமாகி வெடிக்கும்.

குழாய் முனையைக் கூம்பாக விரித்து நட்டால் இணைக்கும் விளிம்பு விரித்தல், அதாவது பிளேரிங், இவ்வேலையில் அவசரப்படவே கூடாத கட்டம். குழாயை வாளால் அறுக்காமல் கட்டரால் மெதுவாகச் சுற்றி வெட்டவும். உட்புறப் பிசிறை அகற்றும்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடித்தால் செப்புத் துகள் உள்ளே விழாது. விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் செருகிவிட வேண்டும். மறந்தால் வெட்டி மீண்டும் தொடங்க வேண்டியதுதான். கிளச் வகைக் கருவியாயின் குழாய் முனை பிடிப்பலகைக்கு மேல் 0 முதல் 0.5 மில்லிமீற்றர் வரையும், பழைய வகைக் கருவியாயின் 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரையும் நீண்டிருக்க வேண்டும். விரிந்த வாயின் வெளிவிட்டம் 1/4 அங்குலக் குழாயில் சுமார் 9 மில்லிமீற்றரும் 3/8 அங்குலக் குழாயில் சுமார் 13 மில்லிமீற்றரும் வர வேண்டும். அதன் முகம் கீறலின்றி, சுற்றிலும் ஒரே அகலத்தில், பளபளப்பாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வீணாவது இரண்டு சென்ரிமீற்றர் செம்புதான். கூம்பின் முகத்தில் குளிரூட்டி எண்ணெய் ஒரு துளி பூசி, நட்டைக் கையால் பல சுற்று இறுக்கிய பின்பே ஸ்பனரைத் தொட வேண்டும். இரண்டு ஸ்பனர்களை எதிரெதிராகப் பிடித்து, டோர்க் ஸ்பனரால் 1/4 அங்குல நட்டை 14 முதல் 18 நியூட்டன் மீற்றர் வரையும், 3/8 அங்குல நட்டை 34 முதல் 42 வரையும் இறுக்குவது வழக்கம். கைப்பலத்தை நம்பி இறுக்குபவர்கள் தளர விடுவதைவிட அதிகமாக இறுக்கிக் கூம்பை நசுக்குவதே மிகுதி.

இடையில் பற்றவைத்து இணைக்க நேர்ந்தால், குழாயினூடாக நைதரசனை மெல்லியதாக ஓடவிட்டபடியே வெப்பமேற்ற வேண்டும். இல்லையேல் உட்சுவரில் கருஞ்செதில் படிந்து, பின்னர் உதிர்ந்து, குளிரூட்டியின் அமுக்கத்தைக் குறைக்கும் விரிவு வால்வை அடைக்கும். முழு நீளமும் ஒரே குழாயாகப் போகக்கூடிய இடத்தில் இணைப்பே வேண்டாம்.

அடுத்தது அமுக்கச் சோதனை. வெளி அலகின் வால்வுகளைத் திறக்காமல், சீராக்கி பொருத்திய நைதரசன் சிலிண்டரிலிருந்து 50, பின்னர் 150, பின்னர் ஏறத்தாழ 400 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) எனப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சவர்க்கார நீர் பூசிப் பார்க்க வேண்டும். அலகின் தகட்டில் குறித்த உச்ச அமுக்கத்தை மீறக் கூடாது. நைதரசன் கிடைக்கவில்லை என்பதற்காக ஒட்சிசனைப் பயன்படுத்தவே கூடாது. அது எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். ஓர் இரவு முழுவதும் விட முடிந்தால் சிறப்பு, ஆனால் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிற்பகல் 35 பாகை செல்சியஸில் 400 காட்டிய மானி, விடியற்காலை 25 பாகையில் ஒழுக்கு எதுவும் இல்லாமலே ஏறத்தாழ 13 பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும், அதற்கு மேல் குறைந்திருந்தால்தான் தேட வேண்டும்.

நைதரசனை வெளியேற்றிய பின் வெற்றிடப் பம்பியை இணைக்க வேண்டும். அலகிலிருக்கும் காஸைச் சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதனால் காற்று ஓரளவு போகலாம், ஈரம் போகாது. இக்கால அலகுகளின் எஸ்டர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறக்கூடியது. குழாய்க்குள் அமுக்கம் 500 மைக்ரோன் (மிகத் தாழ்ந்த அமுக்கத்துக்கான அளவு) வரை இறங்கினால் நீர் உறைநிலைக்கு வெகு கீழேயே ஆவியாகி வெளியேறிவிடும். சாதாரண மானியில் இந்த அளவைப் படிக்க முடியாது. மைக்ரோன் மானி தேவை. 500 ஐ எட்டியதும் பம்பியின் வால்வை மூடிப் பதினைந்து நிமிடம் பார்க்கவும். சிறிது ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் எஞ்சியிருக்கிறது, மேலும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஒழுக்கு. வேலை நடுவே மின்சாரம் தடைப்பட்டால், தடுப்பு வால்வு இல்லாத பம்பியின் எண்ணெய் குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடும். எனவே பம்பி ஓடும் நேரம் முழுவதும் ஒருவர் அருகில் நின்று, மின் நின்றதும், பம்பியையும் குழாயையும் இணைக்கும் மானித்தொகுதியின் (மனிபோல்ட்) வால்வை மூட வேண்டும்.

இதன் பிறகே திரவ வால்வையும் வாயு வால்வையும் அலன் சாவியால் முழுமையாகத் திறக்க வேண்டும். குறிப்பிட்ட நீளம் வரைக்கும் போதுமான காஸ் அலகுக்குள் ஏற்கெனவே உண்டு. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மீற்றருக்கும் கைநூல் சொல்லும் கிராம் அளவைத் தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். ஆர்-32 எரியும் தன்மை கொண்டது என்பதால் கதவு சன்னல்களைத் திறந்து, தீயை விலக்கி வேலை செய்யவும்.

இன்வேட்டர் ஸ்பிளிட் அலகுகளில் விரிவு வால்வு வெளி அலகிலேயே இருப்பதால் சிறிய விட்டமுள்ள திரவக் குழாயும் குளிரும். எனவே இரண்டு குழாய்களையும் ஒரே உறைக்குள் அடக்காமல் தனித்தனியே காப்பிட வேண்டும். ஒன்றாகச் சுற்றினால் வியர்த்து உட்சுவர் நனையும். இணைப்புகளை மட்டும் ஒழுக்குச் சோதனை முடிந்த பின்பே மூடவும். வெளியில் சுற்றும் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. ஆயினும் வன்னி வெயிலில் நாடா சில ஆண்டுகளில் உரிந்துவிடும். பிளாஸ்டிக் மூடுதடமே நீடிக்கும், அணிலும் எலியும் நுரைக் காப்பைக் கடிப்பதும் குறையும். சுவர்த் துளையை இருபக்கமும் புட்டியால் அடைத்தால் பல்லியும் எறும்பும் உள்ளே வராது. வடிகுழாய் வழி நெடுகிலும் தாழ்ந்தே செல்ல வேண்டும். இறுதியாக வால்வு மூடிகளை இறுக்கி, குழாயின் நீளத்தையும் சேர்த்த காஸின் நிறையையும் வெளி அலகு மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவைத்தால், அடுத்து வரும் தொழிலாளி ஊகித்து காஸ் ஏற்ற வேண்டியிராது.