ஏலக்காய் பார்சலும் கஸ்டம்ஸ் படிவத்தின் ஆங்கிலமும்

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து துபாய்க்கோ லண்டனுக்கோ ஏலக்காய், மிளகு அனுப்பப் போகிறீர்களா? முதல் தடவை என்றால் தபால் ஆபீஸ் படிவம் கொஞ்சம் மிரட்டும். 2 கிலோவுக்குள் சிறு பாக்கெட் என்றால் பெரும்பாலும் சிஎன் 22 என்ற சுங்கப் படிவம். பார்சலுக்கு சிஎன் 23. அதில் பிரெஞ்சும் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். கவுண்டரில் தமிழோ மலையாளமோ பேசிக்கொள்ளலாம். எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில், ஏனென்றால் அதைப் படிக்கப் போகிறவர் அந்த நாட்டுச் சுங்க அதிகாரி.

முதலில் முகவரி. 'சென்டர்', அதாவது அனுப்புபவர், நீங்கள்; 'அட்ரஸி' வாங்குபவர். கூரியரில் இவர்களே 'ஷிப்பர்', 'கன்சைனி' ஆவார்கள். போன் நம்பரை விடாதீர்கள்.

அடுத்தது 'டிஸ்கிரிப்ஷன் ஆஃப் கன்டென்ட்ஸ்'. என்னைக் கேட்டால் பாதிப் பார்சல் இங்கேதான் ஜெயிக்கிறது. 'ஸ்பைசஸ்', 'ஃபுட் ஐட்டம்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பெட்டியைப் பிரிக்காமல் சுங்க அதிகாரிக்கு எதுவும் தெரியாது. 'டிரைட் கிரீன் கார்டமம், ஹோல்' என்று எழுதுங்கள். முழுசா, பொடியா என்பது முக்கியம்: முழு ஏலக்காய்க்கு ஹெச்எஸ் கோடு (சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குவகைக்கும் உள்ள எண்) 0908.31, பொடிக்கு 0908.32. மிளகுக்கு 0904.11, மிளகுப்பொடிக்கு 0904.12. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி.

'நெட் வெயிட்' பொருளின் எடை. 'கிராஸ் வெயிட்' பெட்டியோடு சேர்த்து. 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' கட்டத்தில் கேரளா அல்ல, இந்தியா.

சரி, 'வேல்யூ'. சொந்தக்காரருக்குத்தானே என்று சைபர் போடுகிறவர்கள் உண்டு. 'கிஃப்ட்' டிக் செய்தாலும் நியாயமான விலை எழுதியே ஆக வேண்டும். விற்ற சரக்குக்கு 'கிஃப்ட்' போடுவது பொய்க் கணக்கு. அதற்கு 'சேல் ஆஃப் கூட்ஸ்', கூடவே ஏற்றுமதிப் படிவம் தனி.

பார்சல் படிவத்தில், பட்டுவாடா ஆகாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். 'ரிட்டர்ன்' என்றால் திரும்பி வரும், செலவு உங்கள் தலையில் விழலாம். 'அபாண்டன்' என்றால் கைகழுவிவிட்டீர்கள் என்று பொருள்.

கையோடு மசாலாப் பொடியும் வைக்கிறீர்களா? கசகசா சேர்ந்திருந்தால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேண்டவே வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும்.

அப்புறம் கையெழுத்து, தேதி. ரசீதில் 'ஐஎன்' என்று முடியும் 13 எழுத்து நம்பரைப் பத்திரப்படுத்துங்கள். டிராக்கிங்கில் 'ஹெல்ட் பை கஸ்டம்ஸ்' என்று வந்தால் வாங்குபவருக்கு போன் போடுங்கள். 'டியூட்டி' (சுங்க வரி) இருந்தால் வழக்கமாக அவர்தான் கட்ட வேண்டியிருக்கும்.