வன்னியைக் குழுவாகச் சைக்கிளில் சுற்ற: முதலில் காற்றைப் பாருங்கள்

இலங்கையின் வடக்கே வவுனியாவில் ஏறி ஏ9 வீதியால் நேரே பரந்தன் வரை மிதித்துவிட்டு வன்னியைப் பார்த்தாச்சு என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த வீதியில் கண்ணில் படுவது டிப்பரும் ஹையேஸ் வானும்தான். வன்னி கிடப்பது அதற்கு இரண்டு பக்கமும். மேற்கே குளங்கள், வயல், உவர்வெளி. கிழக்கே காடு, அதற்கு அப்பால் கடல். ஐந்து நாள் ஒதுக்கி ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டையும் ஒரே வட்டமாகச் சுற்றி வரலாம். எட்டுக்கு மேல் போனால் சாப்பாடு, படுக்கை, சந்தியில் காத்திருப்பு எல்லாமே இழுபடும், அதனால் பெரிய கூட்டம் சேர்க்க வேண்டாம்.

வட்டம் இதுதான். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் பறயனாலங்குளம், முருங்கன், திருக்கேதீச்சரத்துக்குக் கிட்ட ஏ32 வீதியைப் பிடித்து வடக்கே இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி, அங்கிருந்து பரந்தன். பிறகு ஏ35 வீதியால் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. திரும்பி வருவது முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக. 300 கிலோமீட்டருக்கு மேல் வரும், இடையில் மடுத் தேவாலயத்துக்கும் போனால் இன்னும் கூடும். நாளுக்கு 65, 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளம் பெரிதாக இல்லாத நாட்டில் இது குறைவு என்று தோன்றும், வெயிலில் இறங்கினால் தோன்றாது.

இந்த வட்டத்தை எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்பதை மாதம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது நான் மேலே சொன்ன ஒழுங்கிலேயே போங்கள், மன்னார்ப் பக்கத்து வெட்டவெளியில் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும், எதிர்க்காற்றில் திரும்ப வேண்டிய நெடுங்கேணிப் பாதையில் இரண்டு பக்கமும் காடு நின்று அதை மறிக்கும். தை, மாசியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், அப்போது அப்படியே தலைகீழாக மாற்றுங்கள்: காட்டுப் பாதையால் முல்லைத்தீவுக்கு ஏறி, பூநகரியிலிருந்து தெற்கே இறங்குங்கள். பூநகரிப் பக்கம் ஒதுங்க ஒரு மரம் கிடைப்பதே அரிது, அந்த வெளியில் எதிர்க்காற்றோடு பாதி நாள் மல்லுக்கட்டினால் மிச்ச நாட்களுக்குக் குழுவில் யாருக்கும் முகம் சிரிக்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம், போகவே வேண்டாம். கிரவல் பாதையெல்லாம் சேறாகி, குளங்கள் வான் பாய்ந்து வீதியை மேவும்.

சைக்கிளைப் பற்றி ஒன்றுதான் அழுத்திச் சொல்வேன். எல்லாரும் ஒரே அளவு ரயரில் வாருங்கள். ஊர்க் கடைகளில் 26, 28 அங்குல ரியூப் கிடைக்கும், மெல்லிய வால்வு வைத்த வெளிநாட்டு ரியூப்பைத் தேடி அலையக் கூடாது. ரயர் அகலமாக இருக்கட்டும், கிரவலில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடுங்கள். ஊரில் ஓடும் சாதாரண லுமாலா சைக்கிள் போதுமா என்று கேட்பார்கள். பிரேக் கட்டையும் செயினும் புதிதென்றால் தாராளமாகப் போதும்.

காற்றுப் போவது பெரும்பாலும் நெருஞ்சி முள்ளால். ஓய்வெடுக்கக் கரையில் சாய்த்து வைக்கும்போதுதான் அது ஏறும், ஆகவே சைக்கிளைப் புல்லில் உருட்டாமல் தார் விளிம்பிலேயே நிறுத்துங்கள். ஏறிவிட்டால் வெளியில் தெரியும் முள்ளைப் பிடுங்கியதோடு ரியூப்பை மாற்றி மூடிவிடாதீர்கள். முனை ஒடிந்து ரயருக்குள்ளேயே நிற்கும், ஐந்து நிமிடத்தில் புது ரியூப்பையும் குத்தும். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ரயரின் உட்பக்கம் முழுக்க மெதுவாகத் தடவிக்கொண்டு வாருங்கள், முள் நிற்கிற இடத்தில் பஞ்சு நார் சிக்கும். அதை வெளியே தள்ளி எடுத்த பிறகுதான் ஒட்டு. ரியூப்பை உரஞ்சி, சொலூசனைப் பூசி, பளபளப்பு மங்கும் வரை பொறுத்திருந்து ஒட்டுங்கள். வெயில் சுடுகிறது என்று அவசரப்பட்டு ஈரத்தில் வைத்தால் அடுத்த ஊருக்குள் கழன்றுவிடும். பின்னேரம் ஒதுங்கும் இடத்தில் எல்லாரும் ஒருமுறை ரயரைத் தடவிப் பார்த்துவிட்டால் காலையில் நேரம் மிச்சம்.

குழுவை நடத்துவது வேகக்காரர் வேலை இல்லை. மெதுவாக ஓடுபவரை இரண்டாவதாக விடுங்கள், முன்னுக்குப் போகிறவர் அவருடைய மூச்சுக்கு ஏற்ப மிதிக்கட்டும். வழி தெரிந்த, பொறுமையான ஒருவர் பம்பும் மருந்துப் பையுமாகக் கடைசியில் வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்னுக்கு நிற்கக் கூடாது. ஒவ்வொரு சந்தியிலும் கடைசி ஆள் கண்ணில் படும் வரை யாரும் திரும்பக் கூடாது. இதை முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள், காட்டுப் பாதையில் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர் குறையாமல் வேண்டும். ஊர்களில் சுத்திகரித்த தண்ணீர் விற்கிற இடம் கண்டால் போத்தல் பாதியாக இருந்தாலும் நிரப்புங்கள், கரையோரக் கிணறுகள் பல சவர். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக் கரைசல் பக்கெற் சிலது பையில் கிடக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே போன் பண்ணி, எட்டுப் பேர் வருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும், சின்னக் கடையில் திடீரென்று எட்டுச் சாப்பாடு இருக்காது. குளத்து மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள், வன்னி எருமைத் தயிரையும்தான். பதினொரு மணி முதல் மூன்று வரை நிழலில் படுங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் (வேர்க்கடலை) வாங்க ஆசைப்படுபவர்கள் பரந்தனிலிருந்து தெற்கே கொஞ்சம் இறங்க வேண்டிவரும், அதற்கு அரை நாள் கூடுதலாக வையுங்கள்.

காட்டுப் பாதையில் விடிந்த பிறகு ஏறி, ஐந்து மணிக்கு முன் ஒதுங்கிவிடுங்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானை வீதியைக் கடக்கும். ஈரம் காயாத லத்தியோ புதிதாக முறித்த கிளையோ கண்டால் நின்று, ஒன்றாகச் சேர்ந்து, ஊர் ஆட்களை விசாரித்துவிட்டுப் போங்கள். யானையே நின்றால் மணி அடிக்காமல், படம் எடுக்காமல், வந்த வழியே திரும்புங்கள். மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. ஒன்றுக்குப் போவதற்கும் பாலைப்பழம் பொறுக்குவதற்கும் என்றாலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்கக் கூடாது, மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் நிற்கவே கூடாது. இரவில் ரோச் இல்லாமல் வெளியே போகாதீர்கள், புடையன் பாம்பு வழியில் கிடக்கும்.

புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் முள்ளிவாய்க்கால் வரும். 2009இல் போரின் முடிவில் ஆயிரக்கணக்கான சனம் செத்த மண் அது. அங்கே கூட்டமாகச் சிரித்துச் செல்ஃபி எடுப்பதை எந்தக் குழுவிலும் நான் ஏற்க மாட்டேன். சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போங்கள். வழியில் தண்ணீர் தருகிற வீட்டாரிடம் அந்தக் காலத்தைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் முழுதாக இருந்து கேளுங்கள், அன்றைக்கு இருபது கிலோமீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை. இராணுவ முகாம்களைப் படம் எடுக்கவே வேண்டாம். பழைய வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், எதிரே பஸ் வந்தால் ஏறாமல் கரையில் நின்று விடுங்கள்.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், காசு வாங்காது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி ஆஸ்பத்திரிகளின் நம்பர்களை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். பட்டா என்கிற சின்ன லொறி வைத்திருக்கும் ஒருவரோடும் முன்கூட்டியே பேசி வையுங்கள். மூன்றாம் நாள் யாருக்காவது முழங்கால் மடங்க மறுத்தால் அவரையும் சைக்கிளையும் அதில் ஏற்றி, அன்று இரவு தங்கும் ஊருக்கு அனுப்பிவிடலாம், மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தங்கள் நாளைக் குறைக்கத் தேவையில்லை.