பைலட் படிப்புக்குப் பணம் கட்டும் முன்: எங்கள் வீட்டில் நடந்த தவறுகள்

போன நவம்பர் மழையில் தம்பியின் யூனிஃபார்ம் ஷூவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கோத்தகிரி ஈரத்தில் எந்தத் தோல் பொருளுக்கும் அப்படித்தான். அம்மா அதை வெயில் வரும்போதெல்லாம் வாசலில் வைத்துத் துடைக்கிறார். பறந்த மணி நேரங்களைப் பதியும் லாக் புக்கை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அரிசி டிரம்முக்கு மேல் வைத்திருக்கிறோம். அவன் கையில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. பைலட் வேலை இன்னும் கிடைக்காததால், காலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இலை எடை எழுதுகிறான்.

லோன் பேப்பரில் அவனோடு கையெழுத்துப் போட்டவள் நான். மலையில் இன்னும் சில வீடுகளில் பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கேட்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்ததில் பெரிய தவறு, தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டியது. லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் முடியும் என்று பயிற்சிப் பள்ளியில் சொன்னார்கள். ஒரு விமானம் உதிரி பாகத்துக்காக நின்றது, பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார், மேகமும் பனியும் வேறு. முடிய 32 மாதம் ஆனது. பணம் முழுவதும் அவர்களிடம் போன பிறகு நாம் கேட்கும் கேள்விக்கு என்ன பலம் இருக்கும்? பறந்த மணிக்கணக்குப்படி தவணையாக வாங்கும் பள்ளியைத் தேடுங்கள். சேரும் முன் ஒரு வேலை நாள் காலையில் நேரில் போங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை பறந்தது என்று கேளுங்கள். வாசல் டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம், போன மாதம் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று விசாரியுங்கள். அலுவலகத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

அடுத்தது வட்டி. நாங்கள் வாங்கியது 45 லட்சம், 11 சதவீதம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, மாதம் 41,000 ரூபாய்க்கு மேல். பேப்பரில் இருந்த பதினெட்டு மாதத்தோடு பன்னிரண்டைக் கூட்டி, முப்பதாவது மாதம் வங்கி தவணையைத் தொடங்கிவிட்டது. அப்போது கடன் 57 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதினைந்து வருடத் தவணை என்றாலும் மாதம் சுமார் 65,000. லைசென்ஸ் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முடிந்தால் முதல் மாதத்திலிருந்தே வட்டியையாவது கட்டி வாருங்கள். முடியாது என்றால், அந்தக் கடன் உங்கள் குடும்பத்துக்குப் பெரிது என்று அர்த்தம்.

இன்னொன்றும் தாமதமாகத்தான் தெரிந்தது. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான கழிவு, பழைய வரிமுறையில், தனக்கோ கணவன் மனைவிக்கோ பிள்ளைக்கோ, சட்டப்படி தான் காப்பாளராக இருக்கும் மாணவருக்கோ வாங்கிய கடனுக்குத்தான் கிடைக்கும். தம்பிக்காக அக்கா கட்டினால் கிடையாது.

அடமானம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கூட்டுப் பட்டா அதிகம். அப்பாவின் இரண்டு ஏக்கருக்குச் சித்தப்பாக்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இப்போது கடன் எங்களுடையது, பயம் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது. கூடலூரில் பிரிவு 17 நிலத்தில், அதாவது ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் பட்டா இல்லாமல் நிற்கும் நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பட்டா இல்லாத நிலத்தை வங்கி ஏற்காது என்பதால் சிலர் வெளியே அதிக வட்டிக்குப் போகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, வேலை ஏன் கிடைக்கவில்லை? 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. பைலட் பற்றாக்குறை என்று எல்லாரும் பேசினார்கள், நாங்களும் நம்பினோம். ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல வருடம் ஆகும். தட்டுப்பாடு முதலில் கேப்டன்களுக்குத்தான். கேப்டனுக்கான லைசென்ஸுக்கே 1,500 மணி நேரம் வேண்டும். 200 மணி நேரத்தோடு நிற்பவர்களின் வரிசை வேறு. அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றது, அதற்கு முன் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. ஒரு நிறுவனம் மூடினால் அனுபவமுள்ள பைலட்டுகள் மொத்தமாக வெளியே வந்து வேலை தேடுவார்கள். புதுப் பையன் இன்னும் பின்னால் போவான்.

அந்தக் காத்திருப்பில்தான் அடுத்த செலவு ஆசை காட்டும். ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியை, நீங்களே முடித்துவிட்டால் உடனே வேலை என்பார்கள். அதற்கு மேலும் பல லட்சம் ஆகும். எடுக்கும் நிறுவனம் ஏடிஆர் என்ற வேறு ரக விமானம் ஓட்டுவதாக இருந்தால்? சிமுலேட்டரில் கற்றது கைவிட்டுப் போனால்? தேர்வுக் கடிதம் கைக்கு வரும் முன் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று பணம் கேட்கும் ஏஜெண்டுகளின் போனையே எடுக்காதீர்கள்.

மெடிக்கல் விஷயத்தில் மட்டும் நாங்கள் சரியாகச் செய்தோம். கட்டணம் கட்டும் முன்பே பைலட்டுக்கான கிளாஸ் 2, கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை இரண்டையும் முடித்தோம். நிறக்குருடு இருப்பது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம், பணம் கட்டிய பிறகு தெரிந்தால் தாங்காது.

தம்பி இப்போது தொலைநிலைக் கல்வியில் பி.காம் சேர்ந்திருக்கிறான். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்திருந்தால் இந்நேரம் டிகிரி கையில் இருந்திருக்கும். கிளாஸ் 1 மெடிக்கல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் இரண்டையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால், அழைப்பு வரும் அன்று போக முடியாது. அதற்கென்று மாதா மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறோம். இலைப் பணம் எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கணக்கில் கை வைப்பதில்லை.