சிட்னியும் ரொறன்ரோவும் அல்லாத ஊர்களுக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் வெளிநாட்டுப் பேச்சு எழும்பினால் முதலில் வரும் கேள்வி, "அங்கை ஆர் இருக்கினம்?" பெரியம்மா ஸ்காபரோவில் என்றால் ரொறன்ரோ, சித்தப்பா வெண்ட்வேர்த்வில்லில் என்றால் சிட்னி, மாமா ஹரோவில் என்றால் லண்டன். அடிலெய்ட், பேர்த், ஹோபார்ட், வின்னிபெக், ஹலிபக்ஸ், கொவென்ட்ரி எல்லாம் "அது சரிவராட்டிப் பார்ப்பம்" என்ற வரிசையில் நிற்கும். ஆனால் விசா விதிகளை எடுத்துப் பார்த்தால் புள்ளி, கூடுதல் வேலைக்காலம், குறைந்த காசுக் கணக்கு என்று சலுகைகள் பெரும்பாலும் இந்த நடுத்தர ஊர்களின் பக்கமே இருக்கின்றன. ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஊரைப் பின்வாசல் என்று நினைத்துப் போகிறவர்கள் அந்த நிபந்தனையில்தான் இடறுகிறார்கள்.

கல்லூரியின் பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்வது

அவுஸ்திரேலியாவில் பிராந்தியப் பகுதி என்றால் மாட்டுப் பண்ணையும் செம்மண்ணும் மட்டுமல்ல. 2019 நவம்பர் 16 முதல், சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று மாநகரங்களையும் தவிர்த்த நாடு முழுவதும் அந்த வகைக்குள் வருகிறது. பேர்த்தும் கன்பராவும்கூட அதற்குள்தான். மெல்பேர்னிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஜீலோங் பிராந்தியம். வழியில் இருக்கும் வெரிபி அல்ல. தீர்மானிப்பது அஞ்சல் குறியீடு.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். பிராந்தியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள் சில, சிட்னியிலும் மெல்பேர்னிலும் கிளை வளாகம் வைத்திருக்கின்றன. சென்ட்ரல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஓர் உதாரணம். அதன் சிட்னி வளாகத்தில் படித்தால், பிறகு திறமை விசாவுக்குப் புள்ளி கூட்டும்போது பிராந்தியப் படிப்புக்கான 5 புள்ளி கிடைக்காது. அனுமதிக் கடிதத்தில் வளாகத்தின் முகவரியைத் தேடிப் பாருங்கள். அங்கே உள்ள நான்கு இலக்கத்தை அரசாங்கப் பட்டியலோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும்.

படித்த பிறகும் கணக்கு முடிவதில்லை. பட்டதாரிகளுக்கான 485 விசாவை இரண்டாவது தடவை எடுத்து ஓரிரு வருடம் கூடுதலாக வேலை செய்யலாம். அதற்குப் பிராந்திய வளாகத்தில் பட்டம் பெற்றிருந்தால் மட்டும் போதாது. முதல் 485 விசாவில் இருந்தபோது இரண்டு வருடமாவது பிராந்தியத்தில் வசித்திருக்கவும் வேண்டும். அடிலெய்டில் படித்து முடித்த கையோடு மெல்பேர்ன் மச்சான் வீட்டுக்கு இடம்மாறியவர் அந்த வாய்ப்பைத் தானே கைவிட்டவர்.

பிரித்தானியாவிலும் இதே பொறி உண்டு. அங்கே காசுக் கணக்கே மாறும். 2025 நவம்பர் 11 முதல் மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவாக மாதம் காட்ட வேண்டிய தொகை லண்டனுக்கு 1,529 பவுண்ட், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்ட். ஒன்பது மாதத்துக்கு முறையே 13,761, 10,539; வித்தியாசம் 3,222 பவுண்ட். ஆனால் கொவென்ட்ரி பல்கலைக்கழகத்துக்கு லண்டனிலும் வளாகம் உண்டு. அங்கே படிக்கப் போகிறவர் வெளியூர்க் கணக்கைக் காட்டினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

இந்தக் காசு தொடர்ந்து 28 நாள், ஒரு நாள்கூடக் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் வங்கி அறிக்கை 31 நாளுக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. கணக்கு மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். மாமாவின் கணக்கு, அவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், செல்லாது. ரூபாயில் உள்ள காசை விண்ணப்ப நாளின் நாணயமாற்று விகிதத்தில்தான் பவுண்டாக மாற்றிப் பார்ப்பார்கள். ஆகவே சரியாக மட்டுமட்டாகப் போட்டு வைப்பது ஆபத்து. நூற்றுக்கு ஐந்தாவது கூட வையுங்கள்.

491 விசாவின் கடிகாரத்தை மறப்பது

திறமை அடிப்படையில் அவுஸ்திரேலியா போக ஆகக் குறைந்தது 65 புள்ளி வேண்டும். அழைப்பு வருவதற்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடவே தேவைப்படும். மாநிலமொன்றின் பரிந்துரையோடு 491 என்ற பிராந்திய விசாவுக்கு விண்ணப்பித்தால் 15 புள்ளி கூடும். நிரந்தர வதிவிடம் உடனே தரும் 190 விசாவுக்கு மாநிலப் பரிந்துரை 5 புள்ளிதான் சேர்க்கும். பத்துப் புள்ளி வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

491 ஐந்து வருட விசா. அதை வைத்திருந்து மூன்று வருடம் கழிந்த பின் 191 என்ற விசா மூலம் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். அதற்கு மூன்று நிதியாண்டுகளுக்கான வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் வேண்டும். அங்கே நிதியாண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடிகிறது. இதில் கனக்கப் பேர் கவனிக்காதது கைக்காசு வேலை. தெரிந்தவரின் கடையில் வரியில்லாமல் காசு வாங்கி வேலை செய்தால், அந்த உழைப்பு வரி அறிவித்தலில் வராது. வேலை தேடியே முதல் இரண்டு வருடம் போய்விட்டால் எஞ்சிய காலத்துக்குள் மூன்று நிதியாண்டைச் சேர்ப்பது நெருக்கடியாகிவிடும். சம்பளம் குறைவென்றாலும் சம்பளச் சீட்டும் ஓய்வூதிய வைப்பும் உள்ள வேலையைப் பிடிப்பதே புத்தி.

வசிப்பு, வேலை, படிப்பு மூன்றும் பிராந்தியத்துக்குள் இருக்க வேண்டும். சிட்னிக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்வரத் தடையில்லை. வார நாளில் சிட்னியில் வேலை, வார இறுதியில் நியூகாசிலில் வீட்டு முகவரி என்பது விதிமீறல். வீடோ தொலைபேசி இலக்கமோ வேலை இடமோ கடவுச்சீட்டோ மாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விசா கொடுக்கும் திணைக்களம் ஆதாரம் கேட்டால் 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டணப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டுவாருங்கள்.

கனடாவில் "இறங்கிப் பிறகு பார்ப்பம்"

புள்ளி வரிசைப்படி நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மாகாணப் பரிந்துரை 600 புள்ளி தருகிறது. நடைமுறையில் அழைப்பு நிச்சயம் என்றே சொல்லலாம். பதிலுக்கு மாகாணம் எதிர்பார்ப்பது, நீங்கள் அங்கே குடியிருக்கும் எண்ணத்தோடு வருகிறீர்கள் என்பதை. நிரந்தர வதிவாளர் நாட்டுக்குள் எங்கும் போய் வாழலாம் என்று கனடாவின் உரிமைச் சாசனம் 6ஆம் பிரிவில் சொல்வது உண்மை. அதைக் காட்டி "மனிடோபா பேப்பரில் போய் ஸ்காபரோவில் இரு" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் மற்றப் பாதியை மறைக்கிறார்கள். விண்ணப்பத்தின்போதே அந்த எண்ணம் இருக்கவில்லை என்று தெரிந்தால் அது பொய்த் தகவல். ஐந்து வருடத் தடை வரை போகும். விமான நிலையத்தில் அதிகாரியிடம் கொடுக்கும் முகவரியே ஒன்ராறியோ என்றால் கேள்வி அங்கேயே தொடங்கும்.

வேலை தருவதாக முதலாளி எழுதும் வேலைக் கடிதத்தைக் காசு கொடுத்து வாங்குவது இன்னொரு பழைய வருத்தம். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குப் புள்ளியே இல்லை. ஹலிபக்ஸ், மொங்டன் பக்கத்து அத்திலாந்திக் குடிவரவுத் திட்டத்துக்கு வேலைக் கடிதம் தேவைதான். ஆனால் அதை மாகாணம் ஏற்றுக்கொண்ட முதலாளிதான் தர முடியும். காணியை ஈடு வைத்துக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தொழிலுக்கும் எல்லா ஊரும் பொருந்தும் என்று நினைப்பது

நடுத்தர ஊரில் பெரிய முதலாளிகள் சிலரே. பேர்த்தில் சுரங்கத்தைச் சார்ந்த வேலை, சஸ்கட்டூனில் பொட்டாஷும் விவசாயமும், ஹோபார்ட்டில் சுற்றுலாவும் மீன் வளர்ப்பும். எங்கும் பொதுவாக ஆள் தேவைப்படுவது வைத்தியசாலை, முதியோர் பராமரிப்பு, பாடசாலை, கட்டடத் தொழில். தாதிக்கும் மின்னிணைப்பாளருக்கும் இந்த ஊர்கள் நல்ல தெரிவு. மென்பொருளில் குறுகிய ஒரு துறையில் தேர்ந்தவருக்கு, ஒரு நிறுவனம் கைவிட்டால் அடுத்தது அதே ஊரில் இருக்காது. போகுமுன் அந்த ஊரின் வேலை விளம்பரங்களை மூன்று மாதம் தொடர்ந்து எண்ணிப் பார்ப்பது எந்த ஏஜென்சியின் பேச்சையும்விட நம்பகமானது. படிப்பு ஏஜென்சிக்குக் கல்லூரியிலிருந்து தரகு வருகிறது என்பதை மறவாதீர்கள். அவர்கள் பரிந்துரைக்கும் ஊர், தரகு வரும் ஊராகத்தான் இருக்கும்.

பொறியியலாளர்களுக்கு ஒரு வார்த்தை: பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் இலங்கை 2014இல் முழு உறுப்பினரானது. ஆனால் உங்கள் பட்டமும் நீங்கள் படித்து முடித்த ஆண்டும் அங்கீகாரப் பட்டியலில் இருந்தால்தான் மதிப்பீடு இலகுவாகும்.

வாடகை மலிவு, பஸ் தாராளம் என்ற கற்பனையும் வேண்டாம். பேர்த்திலும் அடிலெய்டிலும் வாடகை அண்மைய ஆண்டுகளில் கடுமையாக ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் அருமை என்பதால் கார் சீக்கிரமே தேவைப்படும். வின்னிபெக்கில் என்றால் குளிர்கால ரயரும், மைனஸ் 20இல் என்ஜினைச் சூடாக்க இரவில் மின்சாரத்தில் செருகும் ஹீட்டரும் சேர்ந்த செலவு. நோவா ஸ்கோஷியாவில் குடும்ப வைத்தியருக்கு மாகாணப் பதிவுப் பட்டியலே உண்டு, போய்ச் சேர்ந்த கிழமையே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலேயே முடிக்க வேண்டியது

ஸ்காபரோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தெருவுக்குத் தெரு பிடிக்கலாம். ஹோபார்ட்டில் முடியாது. ஆகவே பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இங்கேயே செய்து, தேவையானவற்றை மாவட்டச் செயலகத்தில் உள்ள கொன்சியூலர் கிளையில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எங்கள் பெயர் முறையால் வரும் சிக்கலும் உண்டு: தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக, பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்தாக, மனைவிக்கு வேறொரு குடும்பப் பெயராக நிற்கும். எல்லாம் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சட்டத்தரணி மூலம் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். மோட்டார் வாகனத் திணைக்களத்திலிருந்து சாரதி அனுமதிப்பத்திர வரலாற்றுக் கடிதமும் எடுங்கள். சில இடங்களில் அது புதிய சாரதிக்கான காத்திருப்பைக் குறைக்கும். பொதியில் கருவாடு, முருங்கை விதை, பச்சைக் கறிவேப்பிலை போட்டு அவுஸ்திரேலியா போகிறவர்கள் பயணி அட்டையில் அதைக் குறிக்காமல் விட்டால் அபராதம். சிலவேளை விசாவும் இரத்தாகும். மிளகாய்த்தூளையும் மறைக்காமல் குறித்துவிடுங்கள்.