கவுனி அரிசி சிக்கிக்கொண்ட இடம்

சிங்கப்பூருக்குப் போக வேண்டிய கவுனி அரிசி எங்கள் காரைக்குடி வீட்டு வளவில் ஒரு மாதம் கிடந்தது. "வண்டு வந்து சான்றிதழ் கொடுத்துவிடும் போல" என்றார் ஆச்சி.

வயலுக்கு இயற்கை வேளாண் சான்று உண்டு. ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் தனியாகப் பரிவர்த்தனைச் சான்று வாங்க வேண்டும், அதுதான் கிடைக்கவில்லை. "நெல் அரைத்த ஆலைக்குச் சான்று எங்கே?" என்றார் ஆய்வாளர். எனக்கு முன்னால் யாருடைய நெல் அதில் ஓடியதோ!

அந்த அரிசியைச் சாதாரண விலைக்கு உள்ளூரிலேயே தள்ளிவிட்டேன். மீதி நெல்லைச் சான்று பெற்ற ஆலைக்குக் கொண்டுபோனேன். முதல் மூட்டையை இயந்திரத்தைச் சுத்தப்படுத்த மட்டும் ஓட்டி, அந்த அரிசியை ஒதுக்கிவைத்தோம். நெல், அரிசி, உமி, தவிடு எல்லாவற்றையும் தனித்தனியே எடைபோட்டு எழுதினேன். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான ஏபீடா, இயற்கை விளைபொருள் கணக்கைப் பதிய ட்ரேஸ்நெட் என்ற இணையதளம் வைத்திருக்கிறது. அதில் கணக்கு இடித்தால் மறுபடி முதலிலிருந்துதான். இம்முறை இடிக்கவில்லை; சான்று வந்தது.

அடுத்த தலைவலி காத்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த தேசிய இயற்கை வேளாண் சான்றுத் திட்டத்தின் 8ஆம் பதிப்பு விதிகளின்படி, சேர்ந்து சான்று வாங்கும் விவசாயிகள் குழு சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். நியாயமான விதிதான். எங்கள் குழுவினரிடம் கையெழுத்து வாங்கத்தான் ஊர் ஊராக அலைகிறேன்.