நிரல் தளங்களை இணைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

2015இல் கிட்டோரியஸ் என்ற நிரல் தளம், அதாவது மென்பொருள் நிரலைச் சேமித்துப் பலர் சேர்ந்து எழுத உதவும் இணையதளம், மூடப்பட்டது. அடுத்த ஜனவரியில் கூகுளின் அதே வகைத் தளமான கூகுள் கோட் மூடப்பட்டது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற மென்பொருளில் இருந்த நிரல்கள் பெரிதும் தப்பின. களஞ்சியத்தை, அதாவது ஒரு திட்டத்தின் நிரல் தொகுப்பை, நகலெடுத்த ஒவ்வொருவரிடமும் அதன் முழு வரலாறும் இருக்கும்படி கிட் அமைந்திருப்பதுதான் காரணம். ஆனால் நிரலைச் சுற்றி நடந்த பேச்சு, அதாவது பிழை அறிக்கைகளும் மாற்றக் கோரிக்கைகளும் மறுஆய்வுகளும், கிட்டுக்குள் இருப்பதில்லை. அது தளத்தின் தரவுத்தளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கூட்டிணைப்பு என்ற முயற்சி இந்தப் பேச்சுக்காகத்தான். வெவ்வேறு ஆட்கள் நடத்தும் தளங்கள் மின்னஞ்சல் சர்வர்களைப் போலத் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டால், ஒரு தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு தளத்தின் திட்டத்துக்குப் பிழை அறிக்கை அனுப்பலாம். 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட ஆக்டிவிட்டிபப் நெறிமுறை இதற்கு அடித்தளம். அதை நிரல் தளங்களுக்கென விரிவாக்குவது ஃபோர்ஜ்ஃபெட். நிரல் தளங்களை நடத்த உதவும் ஃபோர்ஜெயோ போன்ற மென்பொருள்கள் இந்த வசதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகின்றன. முழுமை பெறாத வசதி என்பதால், தொடக்கத்தில் செய்யும் தவறுகள் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன.

களஞ்சியத்துக்கு இன்னொரு தளத்தில் கண்ணாடி நகல் (மூலத்தோடு தானாக ஒத்துப்போகும் நகல்) வைத்துவிட்டு "இணைத்துவிட்டோம்" என்று நம்புவது முதல் தவறு. நகல் சுமந்து செல்வது நிரலை மட்டுமே. அங்கே ஒருவர் எழுதும் பிழை அறிக்கை மூலத் திட்டத்துக்கு வந்து சேராது. எழுதியவர் பதிலுக்குக் காத்திருப்பார். பராமரிப்பவருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்தது டொமைன் பெயர். ஆக்டிவிட்டிபப்பில் ஒவ்வொரு பயனருக்கும், ஃபோர்ஜ்ஃபெட்டில் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும், அடையாளம் என்பது ஒரு இணைய முகவரி. சோதனைக்காக எடுத்த தற்காலிகப் பெயரில் இணைப்பைத் திறந்துவிட்டு, பிறகு நல்ல பெயருக்கு மாறினால், மற்ற தளங்களின் கண்ணில் நீங்கள் முற்றிலும் புதியவர். பழைய தொடர்புகள் எல்லாம் அறுந்துபோகும். தரவுத்தளத்தை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்குவதும் ஆபத்தானது. தளங்கள் தாம் அனுப்பும் செய்தியில் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன; அதைச் சரிபார்க்க மற்றவர்களுக்கு உதவுவது பொதுச்சாவி. உங்கள் பழைய பொதுச்சாவியைச் சேமித்து வைத்திருக்கும் தளங்கள், புதிய சாவியால் இடும் கையொப்பத்தைப் போலி என்று நிராகரிக்கக்கூடும். காப்பு நகல் எடுக்கும்போது கையொப்பச் சாவிகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கையொப்பம் சரியாக இருந்தாலே செய்தியை நம்பிவிடுவது இன்னொரு தவறு. அனுப்பியவர் யார் என்பதை மட்டுமே கையொப்பம் சொல்கிறது. அ என்ற தளம் முறையாகக் கையொப்பமிட்டு, "ஆ தளத்தின் பயனர் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்" என்று அனுப்பலாம். அப்படிச் சொல்ல அதற்கு உரிமை கிடையாது. செய்தியில் பேசுபவராகக் குறிக்கப்பட்டவரின் தளமும் கையொப்பமிட்ட தளமும் ஒன்றுதானா என்று சரிபார்க்காமல் எதையும் பதிவுசெய்யக் கூடாது. செய்திக்குள் வரும் முகவரிகளையும் சர்வர் கண்ணை மூடிக்கொண்டு திறக்கக் கூடாது. 127.0.0.1 (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) போன்ற முகவரியைத் திணித்து, உங்கள் சர்வரின் கையாலேயே உங்கள் உள்வலையைத் துழாவுவது பழகிப்போன தாக்குதல் முறை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது தானியங்கிச் சோதனைகள், அதாவது புதிதாக வரும் நிரலை சர்வரே ஓட்டிப் பார்க்கும் வசதி. வெளித் தளத்திலிருந்து மாற்றக் கோரிக்கை வருகிறது என்றால், முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் வருகிறது என்று பொருள். அது வந்தவுடன் சோதனை தானாக ஓடும்படி வைத்து, அந்தச் சூழலிலேயே வெளியீட்டுச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் வைத்திருந்தால், திருட்டுக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை. பராமரிப்பவர் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே சோதனை ஓட வேண்டும். ரகசியங்கள் அந்தச் சூழலை எட்டவே கூடாது. யார் எதைச் செய்யலாம் என்பதை வெளிப்படையான அனுமதிச் செய்திகளாக வழங்கும் முறையை ஃபோர்ஜ்ஃபெட் வகுத்திருக்கிறது. அனுமதி காட்டாத கோரிக்கையை நிராகரிப்பதில் தயக்கம் வேண்டாம்.

ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். எதிர்த் தளம் சிறிது நேரம் முடங்கினால் அனுப்பும் தளம் மறுபடி முயலும். செய்தியின் அடையாள முகவரியைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்காவிட்டால், ஒரே பிழை அறிக்கை இரண்டு எண்களில் பதிவாகும்.

அழித்தல் பற்றிப் பயனர்களிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். வெளியே போன கருத்தை அழிக்கச் சொல்லி மற்ற தளங்களுக்குக் கோரிக்கைதான் அனுப்ப முடியும். அவை கேட்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே தனிப்பட்ட களஞ்சியத்தைப் பற்றிய எந்தச் செய்தியும், அதன் பெயர்கூட, தளத்தைவிட்டு வெளியேறக் கூடாது.

முதல் நாளே எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறப்பது குப்பைச் செய்திகளை அழைப்பதாகும். நிர்வாகியைத் தொடர்புகொள்ள முடிந்த இரண்டு மூன்று தளங்களோடு தொடங்குவதே நல்லது என்பேன். அங்கே பிழை அறிக்கை, பதில், திருத்தம், அழித்தல் ஆகிய நான்கும் இரு திசைகளிலும் ஒழுங்காகப் போய்வந்த பிறகு அனுமதித்த தளங்களின் பட்டியலில் அடுத்த தளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.