குளிர் முடிந்ததும் கவாத்து: எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது

குளிர்காலம் முடிந்து தோட்டத்துக்குள் போனால் பாதிச் செடி செத்த மாதிரிதான் நிற்கும். ஒருமுறை ஒரு செம்பருத்தியை அப்படிப் பார்த்துவிட்டு, போயே போய்விட்டது என்று வேரோடு பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு பார்த்தால் வேர் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. அடித்தண்டில் மிளகளவு துளிர் இரண்டு வேறு. அன்றிலிருந்து எனக்குக் கத்தரியெல்லாம் அப்புறம்தான், முதலில் நகம்.

படி 1: சுரண்டிப் பாருங்கள்

கிளையின் நுனிக்குப் பக்கத்தில் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை தென்படும் இடம்தான் வெட்டுகிற இடம். அடிவரை பச்சையே இல்லை என்றாலும் பிடுங்கிவிடாதீர்கள். தண்டு முழுக்கக் காய்ந்த பிறகும் வேரிலிருந்து துளிர்க்கிற செடிகள் உண்டு. சில வாரம் பொறுக்கலாம்.

உறைபனி விழும் இடமாக இருந்தால், கடைசிப் பனி போகும்வரை கவாத்தே வேண்டாம். வெட்டியதும் செடி துளிர்விடும், அந்த இளந்துளிர் ஒரே இரவில் கருகிவிடும்.

படி 2: எந்தக் கிளையில் பூக்கும்?

புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ, திரும்பத் திரும்பப் பூக்கிற ரோஜா வகைகள் எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. வெட்டினால் தளிர் கூடும், பூவும் கூடும். பெரிய இலை ஹைட்ராஞ்சியா, அசேலியா, கமேலியா அப்படியல்ல. போன பருவத்துக் கிளையிலேயே மொட்டைத் தயார் செய்து வைத்துக்கொண்டுதான் அவை குளிரைக் கடக்கின்றன. இப்போது வெட்டினால் இந்த வருஷப் பூ மொத்தமும் குப்பைக்குப் போகும். அவற்றைப் பூத்து முடிந்த கையோடு வெட்டுங்கள்.

என்ன செடி என்றே தெரியவில்லையா? காய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பருவம் வேடிக்கை பாருங்கள்.

படி 3: கத்தரி

கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தரி தண்டை வெட்டாது, நசுக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள். நோய்ப்பட்ட கிளையை வெட்டினால் மறுபடி துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடி.

படி 4: வெட்டு

முதலில் காய்ந்தது, பிறகு நோய்ப்பட்டது, அதன் பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கிளைகள். இவ்வளவு போனாலே செடிக்குள் காற்றும் வெளிச்சமும் புகும்.

ரோஜாவை எடுத்துக்கொள்வோம். தண்டில் வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணை, அதாவது துளிர் கிளம்பப்போகும் மொட்டைத் தேடுங்கள். சிவந்து, அரிசி முனை அளவுக்குப் புடைத்திருக்கும். அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, கண் இருக்கும் பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் சாய்த்து வெட்டுங்கள். தண்ணீர் கண்மேல் வழியாது. கண்ணை ஒட்டி வெட்டினால் கண்ணே காய்ந்துவிடும். நீளமாக விட்டால் கண்ணுக்கு மேலே மிச்சமிருக்கும் தண்டு காய்ந்துகொண்டே கீழே இறங்கும். வெட்டிய வாயில் நடுப்பகுதி வெண்மையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் அடுத்த கண்ணுக்கு இறங்குங்கள்.

நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் கீழே இருக்கும் கண்களைத் தூங்க வைக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். கவாத்து செய்த செடி அடர்வது இதனால்தான்.

கை பழகும்வரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். லாவெண்டரில் இலையே இல்லாத பழைய கட்டைப் பகுதிவரை இறங்கவே கூடாது, பெரும்பாலும் அங்கிருந்து துளிர்க்காது. ஒட்டு ரோஜா என்பது வேறொரு ரோஜாவின் அடித்தண்டில் ஒட்டி வளர்த்தது. அதில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை வெட்டாமல், அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் அதே இடத்திலிருந்து திரும்ப வரும்.

வெட்டுவாயில் பெயிண்ட் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தோட்டச் செடியின் சின்ன வெட்டுக்கு அது தேவையே இல்லை. மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களிலேயே விளக்கிவிட்டார்.

படி 5: வெட்டிய பிறகு

கரும்புள்ளி விழுந்த பழைய இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மக்கிய உரத்தை 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும்.

தழைச்சத்து உரத்தைத் துளிர் வந்த பிறகு, அதுவும் அளவாகப் போடுங்கள். அதிகமானால் தளிர் கொழகொழவென்று வளரும், சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி படையெடுக்கும். வந்துவிட்டால் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அங்கே குட்டி முதலை மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு ஒரு புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது.